பம்பர் பளபளக்கட்டும், கிணற்று நீர் கெடாதிருக்கட்டும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலுள்ள கண்டக்குழியில் மே மாதம் தொடங்கும் தென்மேற்குக் காற்று செப்டெம்பர் வரை லேசில் ஓய்வதில்லை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்க வெளிநாட்டவர்களை இங்கு இழுத்து வருவது இந்தக் காற்றுத்தான். அதே காற்று கடல்நீரின் நுண்துளிகளையும் அள்ளி வருகிறது. துளி உலர்ந்ததும் உப்பு மிஞ்சுகிறது. ஓலையிலும் தகரத்திலும் சன்னல் கம்பியிலும் படியும் அந்த உப்பு, முற்றத்தில் நிற்கும் காரை மட்டும் விட்டுவைக்குமா?

புதிய கார்களில் பம்பர் பிளாஸ்டிக், கைப்பிடிக்கு உடலின் நிறமே பூசப்பட்டிருக்கும். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், வொக்ஸ்வேகன் பீட்டில் போன்ற பழைய வாகனங்களின் கதை வேறு. பம்பர், முன்விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, சில்லு மூடி, சன்னல் விளிம்பு எல்லாமே உலோகம். அவற்றில் பல குரோமியம் முலாம் பூசியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறக்கும்வரை, இருக்கும் காரைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர இலங்கையில் பலருக்கு வழி இருக்கவில்லை. திறந்த பிறகும் வரியைக் கேட்டவுடன் பழைய காரின் அருமை கூடித்தான் போனது.

ஆகவே கறள் பிடித்த பம்பரை மினுக்கும் ஆசை நியாயமானது. அதற்கு எதை எடுக்கிறோம், கழுவிய நீரை எங்கே ஊற்றுகிறோம், வேலையை யாரிடம் எந்தக் கடதாசியோடு கொடுக்கிறோம் என்ற மூன்றிலுந்தான் பணமும் உடல்நலமும் கிணற்று நீரும் தங்கியிருக்கின்றன. நீர், சவர்க்காரம், துணி, மெழுகு ஆகியவற்றோடு முடியும் வேலையை வீட்டில் செய்யலாம். அமிலமோ மின்சாரமோ தேவைப்படும் வேலை வீட்டு முற்றத்துக்கு வரவே கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவே. ஏன் என்பதையும், வேலை பிழைத்தால் சட்டம் என்ன துணை தருகிறது என்பதையும் பார்ப்போம்.

பளபளப்பின் தடிப்பு எவ்வளவு?

பம்பரில் நாம் காணும் நீலங்கலந்த வெள்ளைப் பளபளப்பு குரோமியத்தினுடையது. அதன் தடிப்பு பெரும்பாலும் அரை மைக்ரோனுக்கும் குறைவு. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே பத்து முதல் நாற்பது மைக்ரோன் வரை நிக்கல் இருக்கும். நல்ல வேலைப்பாட்டில் நிக்கலுக்கும் கீழே செம்புப் படையும் இருக்கும். கறளைத் தடுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நிக்கல். குரோமியம் அந்த நிக்கல் மங்காமலும் கீறுபடாமலும் பார்த்துக்கொள்கிறது.

குரோமியப் படையில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் வெடிப்புகளும் இயல்பாகவே உண்டு. உப்பும் ஈரமும் அவற்றின் வழியே இறங்கி, நிக்கலிலும் துளை இருந்தால் இரும்பைத் தொட்டுவிடும். மூன்று உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நனையும்போது முதலில் அரிபடுவது இரும்பே. மேலே ஊசிமுனை அளவில் ஒரு செம்புள்ளி தெரிந்தால் உள்ளே அரிப்பு அதைவிட அகன்றிருக்கக்கூடும். எனவே புள்ளி தோன்றிய பின் உரசி எடுப்பதைவிட, உப்பைப் படியவிடாமல் கழுவுவதே முதல் வைத்தியம்.

படையின் தரம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1920களின் பிற்பகுதி வரை கார்களில் வெறும் நிக்கல் முலாமே இருந்தது. அதன் பின்னரே குரோமியம் பரவியது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரின்போது நிக்கல் இராணுவத் தேவைக்குத் திருப்பப்பட்டதால், அக்கால அமெரிக்கக் கார்கள் பலவற்றில் முலாம் சீக்கிரமே உரிந்தது. பழைய கார் வாங்குபவர் அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பார்ப்பதில் இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

முதலில் உலோகத்தை இனங்காணுங்கள்

மினுங்குவதெல்லாம் குரோமியம் இல்லை. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு.

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. பம்பர்கள் இவ்வகை. சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டிகளையும் காந்தம் பிடிக்கும். ஆனால் அவற்றில் உரியும் படையோ கொப்புளமோ இராது.

காந்தம் பிடிக்காமல், கையில் எடுத்தால் கனமாகவும், மேற்பரப்பில் சிறு கொப்புளங்களோடும் இருந்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. கைப்பிடி, பெயர்ச் சின்னம், விளக்கு வளையம் போன்றவற்றை இப்படி வார்த்தார்கள். கொப்புளத்தைச் சுரண்டினால் கீழே குழி விழுந்திருக்கும். இதற்கு மறுமுலாம் போடுவது கடினம், செலவும் கூட.

கனமில்லாமல், வெண்பொடி பூத்திருந்தால் அலுமினியம். தொழிற்சாலையில் காப்புப் படை ஏற்றிய அலுமினியப் பட்டியைக் கடுமையாக உரசினால் அந்தப் படை போய்விடும். கனமே இல்லாமல், தட்டினால் மந்தமாக ஒலித்தால் மினுக்கிய பிளாஸ்டிக். அதை ஈரத்துணிக்கு மேல் எதனாலும் தொடக்கூடாது. மிகப் பழைய கார்களின் ரேடியேட்டர் உறையிலும் விளக்கிலும் முலாமுக்குக் கீழே பித்தளை இருக்கும். அதில் செங்கறள் வராது. பச்சை பூக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

நிழலில், உலோகம் சூடாறிய பிறகு, நிறைய நன்னீர் ஊற்றி உப்பையும் மணலையும் முதலில் கரைத்து ஓடவிடுங்கள். மணல் இருக்கும்போதே துணியால் துடைத்தால், அந்தத் துணியே எமரித்தாள் ஆகிவிடும். பிறகு காருக்கான ஷாம்பு அல்லது மென்மையான சவர்க்காரக் கரைசலில் நனைத்த துணியால் கழுவி மீண்டும் நீரூற்றுங்கள். குடாநாட்டில் உவர் ஏறிய கிணறுகளும் உண்டு. அந்த நீரைத் தானாக உலரவிட்டால் உப்பையே மறுபடி பூசியதாகும். கடைசி நீர் மழைநீராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஈரம் சொட்டாமல் உடனே துடைத்துவிட வேண்டும்.

முலாம் பூசிய இரும்பில் இருக்கும் செம்புள்ளிகளுக்குச் சமையலறை அலுமினியத் தாளே போதும். ஒரு துண்டைக் கசக்கி நீரில் நனைத்து அழுத்தாமல் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானதால் முலாமைக் கீறாது. ஆனால் பக்கத்திலிருக்கும் பெயின்றைக் கீறும், அதனால் விளிம்பை ஒட்டுநாடாவால் மூடிக்கொள்ளுங்கள். தேய்த்த பிறகு கறுத்த குழி மிஞ்சினால் அங்கு முலாமே இல்லை என்று பொருள். அதற்கு மேல் தேய்ப்பதால் குழி பெரிதாகுமே தவிர பளபளப்பு திரும்பாது.

பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிநார் வேண்டாம். அது உதிர்க்கும் நுண்துகள்கள் இந்தக் கடற்காற்றில் இரவோடிரவாகக் கறளாகும். குத்துவிளக்கு மினுக்கும் புளியும் சாம்பலும் வேண்டாம். புளியின் அமிலம் முலாமின் துளைகளில் தங்கும், சாம்பல் உரசும். பற்பசை, செங்கல் தூள் போன்றவையும் அப்படியே. குரோமியத்துக்கென்று விற்கும் பொலிஷை எப்போதாவது, சிறிதளவு பயன்படுத்தலாம். அரை மைக்ரோன் படையை வாராவாரம் தேய்த்தால் எவ்வளவு நாள் தாங்கும்?

கடைசியாக மெழுகு. காருக்கான மெழுகை மெல்லியதாகப் பூசித் துடைத்தால் துளைகள் அடைபடும், உப்பு நேரே ஒட்டாது. பலர் மறந்துவிடுவது பம்பரின் உட்பக்கத்தை. அங்கு முலாம் மெல்லியது அல்லது இல்லவே இல்லை. கறள் அங்கிருந்துதான் பெரும்பாலும் தொடங்கும். கழற்றிச் சுத்தமாக்கி, கறள்தடுப்புப் பெயின்ற் பூசினால் பல ஆண்டு தாங்கும். பொலித்தீன் உறையால் காரைப் போர்த்துவதும் கேடு. உள்ளே வியர்த்த ஈரம் வெளியேற வழியின்றி உலோகத்தின் மேலேயே நிற்கும். காற்றுப் போகும் கொட்டகை, கடலுக்கு எதிர்ப்புறம் திரும்பிய முகப்பு, காற்று வீசும் மாதங்களில் அடிக்கடி நன்னீர்க் கழுவல். கடற்கரையில் இவற்றை மிஞ்சிய பராமரிப்பு இல்லை.

உயிரோடு விளையாடும் வழிகள்

மலசலகூடம் கழுவும் அமிலத்தை ஊற்றினால் கறள் போகும் என்பது கராஜ் வாசல்களில் சொல்லப்படும் யோசனை. அந்தப் போத்தல்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் பட்டறைகளில் பழைய குரோமியத்தைக் கழற்றி எடுக்கப் பயன்படுவதும் அதுவே. கறளோடு முலாமும் போகும். அதே அமிலம் வெளுக்கும் திரவத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கராஜுக்குள் அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

பழைய பற்றரியிலிருந்து வடித்த அமிலம் கந்தக அமிலம். அதில் ஈயமும் கலந்திருக்கும். கோஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவை வெளிவிடும். அலோய் சில்லு கழுவுவதற்கென்று விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். இது தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். சில மணி நேரங்கழித்து வலி தொடங்கும்போது அமிலம் எலும்பு வரை இறங்கியிருக்கலாம். அது உடலின் கல்சியத்தைப் பிடித்து இதயத் துடிப்பையே குழப்பக்கூடியது.

இப்போது புதிதாக ஓர் ஆபத்து காணொளிகளின் வழியே வீட்டுக்குள் வந்திருக்கிறது. வாளியில் நீரும் சலவைச் சோடாவும் கலந்து, பற்றரி சார்ஜரின் கம்பிகளை இணைத்து, மின்சாரத்தால் கறள் எடுக்கும் முறை அது. அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியையோ தகட்டையோ நேர்முனையாக வைத்தால், எஃகிலுள்ள குரோமியம் ஆறு இணைதிறன் கொண்ட வடிவில் நீரில் கரையும். முலாம் உள்ள பாகத்தை நேர்முனையில் கட்டினாலும் அதே கதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவதாக உறுதிப்பட்ட முதலாம் தொகுதியில் வைத்திருக்கும் பொருள் இது. நீர் மஞ்சளானால் கறள் போகிறது என்று மகிழ வேண்டாம்.

அமிலம் பட்டுவிட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணானாலும் அப்படியே. நனைந்த உடையைக் கழற்றிவிடுங்கள். பற்பசை, நெய், எண்ணெய் எதையும் பூசாதீர்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள், வைத்தியருக்கு அதன் பெயர் தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்தைத் தொடங்க முடியும். இதனால்தான் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி, பெயரில்லாமல் விற்கும் எந்தத் திரவத்தையும் வாங்கக்கூடாது. என்ன பொருள், யார் தயாரித்தது, எப்போது காலாவதியாகும் என்று சுட்டுத்துண்டில் பார்ப்பது பாவனையாளரின் உரிமை.

பட்டறையில் கொடுக்குமுன்

முலாம் போய்க் குழி விழுந்த பாகத்துக்கு மறுமுலாந்தான் தீர்வு. பழைய படைகளைக் கழற்றி, நெளிவை நிமிர்த்தி, உரசி வழவழப்பாக்கி, செம்பு, நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஏற்ற வேண்டும். மினுக்கும் வேலையே இதில் பெரும் பங்கு. முலாம் எந்தக் குறையையும் மறைக்காது, கீழே இருக்கும் கீறலை எடுத்துக் காட்டும். அவசரமாகவும் மலிவாகவும் முடித்துத் தருவதாகச் சொன்னால் எந்தப் படி விடுபடுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் செம்பு விடுபடும், நிக்கல் மெலியும், மறு மழைக்காலத்தில் கறள் எட்டிப்பார்க்கும்.

வெள்ளி நிறத்தில் தெளிக்கும் பெயின்றையும் குரோமியம் என்றே சிலர் விற்கிறார்கள். பெயின்ற் வேலை குற்றமில்லை. அதை முலாம் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் குற்றம்.

கொடுக்கும் நாளிலேயே ஒரு தாளில் இவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எத்தனை பாகங்கள், எவை, எந்தெந்தப் படைகள் ஏற்றப்படும், மொத்தக் கூலி, கொடுத்த முற்பணம், திருப்பித் தரும் நாள், எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம், பாகம் தொலைந்தாலோ உடைந்தாலோ பொறுப்பு யாருடையது. ஒவ்வொரு பாகத்தையும் இருபுறமும் படமெடுத்து, உட்பக்கத்தில் ஓர் அடையாளம் கீறிவிடுங்கள். அசல் சின்னம் போய்ப் போலி திரும்பி வரும் சங்கடத்துக்கு இதுவே மருந்து. துத்தநாக வார்ப்புக்கு முழு உத்தரவாதம் தர எந்த நேர்மையான பாஸும் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் குறையாக எடுக்காதீர்கள், அதையும் தாளில் எழுதுங்கள்.

எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீண்ட கோடொன்றின் பிரதிபலிப்பு பம்பரில் நெளியாமல் ஓட வேண்டும். விளிம்பிலும் துளைகளைச் சுற்றியும் ஊசிப்புள்ளி, கொப்புளம், மஞ்சள் நிழல் இருக்கக்கூடாது. குறை இருந்தால் பற்றுச்சீட்டிலேயே குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய சாமான் கடையில் சில்லு மூடியோ சின்னமோ வாங்கும்போதும் பற்றுச்சீட்டு அவசியம். களவுப் பொருள் என்று பின்னர் தெரியவந்தால், நீங்கள் நல்லெண்ணத்தில் வாங்கியதற்கு அதுவே சாட்சி.

வேலை பிழைத்தால்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமன்றிச் சேவைக்கும் பொருந்தும். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தருவதாகவும், அதற்குப் பயன்படுத்தும் பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கும் என்றும், வாயால் சொல்லாவிட்டாலும் வியாபாரி உறுதி தந்ததாகவே சட்டம் கொள்கிறது. ஏமாற்றும் விதமாக நடப்பதும், தரம் பற்றிப் பொய் சொல்வதும் இதே சட்டத்தின்படி குற்றம். பொருளை விற்ற வியாபாரி, கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும்.

முதற்படி, பட்டறைக்கே எழுத்தில் அறிவித்துத் திருத்தித் தரக் கேட்பது. நல்ல பட்டறைகள் அங்கேயே முடித்துவிடும். முடியாவிட்டால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. கறள் மெல்ல வெளிப்படும் சங்கதி என்பதால், இரண்டாம் மாத முடிவில் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுவது புத்தி. விசாரணையில் குறை நிரூபணமானால் நட்டஈடு கொடுக்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகாரசபை கட்டளையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977.

சிறு தொகைத் தகராறுகளுக்கு இன்னொரு வழி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை, செலவும் மிகக் குறைவு. சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட வழக்குகள் நீதிமன்றம் போகுமுன் இங்கு வந்தே ஆக வேண்டும்.

கற்பிட்டி அடங்கிய புத்தளம் மாவட்டத்தில் தமிழ் பேசுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரச நிறுவனங்களுக்குத் தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை. மொழி தெரியாது என்று தயங்கி மூன்று மாதத்தைக் கைநழுவ விடாதீர்கள்.

தொட்டியருகே நிற்பவர்

நமது பம்பர் மினுங்குவதற்காகக் குரோமிக் அமிலத் தொட்டியின் அருகே ஒருவர் நாள் முழுதும் நிற்கிறார். மின்சாரம் பாயும்போது தொட்டியில் குமிழிகள் எழுந்து வெடித்து, கண்ணுக்குத் தெரியாத அமிலப் பனியை எழுப்புகின்றன. அதை ஆண்டுக்கணக்கில் மூச்சிழுப்பவருக்கு மூக்கின் நடுச்சுவரில் புண் வந்து துளை விழும். கையில் ஆறாத வட்டப் புண்கள் தோன்றும். ஆஸ்துமாவும் நுரையீரல் புற்றுநோயும் வரக்கூடும். வாயுவை உறிஞ்சும் குழாய், கையுறை, முழங்கால் வரை மூடும் பூட்ஸ், முகக்கவசம், தனியான உணவிடம் ஆகியவை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் எதிர்பார்க்கும் பாதுகாப்பின் பகுதிகள். வேலையால் ஏற்பட்ட காயத்துக்கும் நோய்க்கும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்படி கோரிக்கை வைக்கலாம். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளத் துண்டு, வைத்தியக் குறிப்பு மூன்றையும் தொழிலாளர்கள் பத்திரப்படுத்த வேண்டும்.

கலிபோர்னியா மாநிலம் அலங்கார முலாமுக்கு ஆறு இணைதிறன் குரோமியத்தைப் படிப்படியாக ஒழிக்க 2023இல் முடிவெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் தனி அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத்தால் முலாம் போடும் முறை நடைமுறையில் இருக்கிறது. நிறம் சற்றே மாறலாம், பளபளப்புக்குக் குறைவில்லை. அந்த முறை உங்களிடம் உண்டா என்று பட்டறையில் கேட்பவர்கள் கூடினால் அதை நாடும் பட்டறைகளும் கூடும்.

மணலுக்குக் கீழே இருப்பது

கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறில்லை. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. சில மீற்றர் தோண்டினாலே கிணறு. மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் விளைவது அந்த நீரில்தான், வீடுகள் பல குடிப்பதும் அதைத்தான். மணல் நீரை வேகமாக இறக்கும், எதையும் பெரிதாக வடிகட்டாது. தோட்டங்களில் போட்ட உரத்தின் நைத்திரேற்று இங்குள்ள கிணறுகளில் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகவே சொல்லி வருகிறார்கள். உரமே இப்படி இறங்குமென்றால், மணலில் ஊற்றிய அமிலமும் குரோமியமும் எங்கே போகும்?

குடிநீரில் மொத்தக் குரோமியம் லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. அதாவது ஒரு கிராம் குரோமியம் 20,000 லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்.

இது ஊகமில்லை என்பதற்குத் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை சாட்சி. அங்கு சோடியம் டைகுரோமேட் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு வெட்டவெளியில் குவியலாகக் கிடந்தது. மழை அதைக் கரைத்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. தொழிற்சாலை மூடிய பிறகும் நஞ்சு ஊறிக்கொண்டே இருந்தது. இராணிப்பேட்டை அடங்கிய வேலூர் வட்டாரத்தின் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது.

இலங்கையிலும் அந்தக் கோட்பாடு வேரூன்றிவிட்டது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2013 ஓகஸ்டில் வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்டு வீதிக்கு இறங்கிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு மூவர் உயிரிழந்ததும் மறக்கக்கூடியதில்லை. நீர் கெட்ட பிறகு நீதி கேட்பது எவ்வளவு கனத்த வழி என்பதற்கு இவை இரண்டும் அடையாளம். கெடுமுன் கேட்பதே எளிது.

கேட்பதற்கு வழியுண்டு. முலாம் பட்டறை நடத்த 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். குறித்த காலத்துக்கே அது செல்லும், பின்னர் புதுப்பிக்க வேண்டும். வேலை கொடுக்குமுன் உரிமத்தையும் அதன் திகதியையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அயலில் யாரேனும் அமிலக் கழிவை மணலிலோ களப்பிலோ ஊற்றினால் பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சுற்றாடல் அதிகாரசபைக்கும் முறையிடலாம். பொதுத் தொல்லையை அகற்றக் கட்டளையிடும் அதிகாரம் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானுக்கு உண்டு. திகதியோடு படமும், இயன்றால் கிணற்று நீரின் ஆய்வறிக்கையும் முறைப்பாட்டுக்கு வலுச் சேர்க்கும்.

நம் பங்குக்கும் கடமை உண்டு. காரைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம். பொலிஷ் தோய்ந்த துணியையும் பழைய பெயின்ற் தூசியையும் மணலில் புதைக்க வேண்டாம். பழைய காரின் பெயின்றில் ஈயம் இருந்திருக்கலாம், அதனால் உரசும்போது ஈரமாக உரசுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். மிஞ்சிய அமிலம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைக் கொட்டிவிடாமல், மூடி இறுக்கி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்துவிட்டு, எப்படி ஒப்படைப்பது என்று பிரதேச சபையிடமோ சுற்றாடல் அதிகாரசபையிடமோ கேளுங்கள்.

பழைய காரை வைத்திருப்பது அழகான பழக்கம். அதற்கு அமிலம் தேவையில்லை, அவசரமும் தேவையில்லை. வீட்டில் நன்னீரும் மெழுகும் போதும். பட்டறைக்குப் போனால் எழுதிய தாளும் உரிமமும் பற்றுச்சீட்டும் வேண்டும். குறை கண்டால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு. மங்கிய பம்பருக்கு மறுமுலாம் போடலாம், கெட்டுப்போன கிணற்றுக்கு அப்படி ஒரு பட்டறை இல்லை. கண்டக்குழி வாசிகளே, காரைக் கழுவுமுன் நீர் எங்கே இறங்கும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.